கைராசிக்காரி

…எல்லாரும் ஒரே மாதத்தில் எப்படித் தேறுவார்கள், அதையல்லவா அவள் முதலில் கேட்டிருக்க வேண்டும், நடன ஆசிரியையின் முழங்கால், வங்கிக்காரரின் தோள், இதோ எதிரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பஸ் டிரைவரின் முழங்கை, மூன்று பேரும் அவள் அமுக்க அமுக்க அசையாமல் நின்று ஜெயித்தார்கள், அவளும் "சூப்பர், பலம் வந்துடுச்சு" என்று கைதட்டினாள், பெரிய டாக்டர்கூட எல்லார் முன்னாலும் கைராசிக்காரி என்றார், அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிசியோதெரபியில் பலத்தைச் சோதிப்பது இப்படித்தான், நோயாளியின் கையை நாம் அமுக்குகிறோம், அவர் விடாமல் பிடிக்க வேண்டும், நாம் தோற்றால் அவர் தேறிவிட்டார். அமுக்குகிற கை மட்டும் என்றைக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று இத்தனை வருடமாக நம்பிக்கொண்டிருந்தாளே, என்ன முட்டாள்தனம்… அவர்கள் பலம் கூடவே இல்லை, இவள் பலம்தான் குறைந்திருக்கிறது என்றால்?

காலையில் கண்ணாடி முன் நின்று மகள் சொன்னாள், "அம்மா, பின்னல் லூசா இருக்கு, ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள அவுந்துடும்", ஆடாமல் நின்றால் இறுக்கமாக வரும் என்று இவள் எரிந்து விழுந்தாள், பாவம், குழந்தை ஆடவே இல்லை. பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி இவள் நீட்டியபோது கணவன் சிரித்தான், "ஊர்ல இருக்கறவங்க கையெல்லாம் சரி பண்ற, உனக்கே ஒரு ஆள் வேணும் போலிருக்கே", அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே கையைத் துண்டுக்குள் மறைத்தாள். அப்பாவுக்குக் கையில் பலம் போனதும் சட்டைப் பொத்தானில்தான் ஆரம்பித்தது… பிறகு பேனா, பிறகு ஸ்பூன், கடைசியில் அவள்தான் ஊட்டிவிட்டாள், பரம்பரையாக வருமா என்று கேட்டதற்கு அப்பாவைப் பார்த்த டாக்டர் "வரலாம், வராமலும் போகலாம்" என்று மழுப்பினார். பிடியை அளக்கிற கருவி அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஒரு தடவை அழுத்தினால் முள் சொல்லிவிடும், சொல்லிவிடுமே என்றுதான் பயம். பக்கத்து அறைத் தோழியைக் கூப்பிட்டு இந்த டிரைவரைச் சோதிக்கச் சொல்லலாம், ஏன் என்று கேட்பாள், நேராக இவள் கையைத்தான் பார்ப்பாள், அதே தொழில்காரி, அவளிடம் எதைப் பூசி மெழுக முடியும்?

"என்னம்மா, வண்டி ஓட்டலாம்னு இன்னைக்குக் கையெழுத்துப் போட்டுடுவீங்கல்ல? வண்டியத் தொட்டு எத்தனை மாசமாச்சு, வீட்ல சும்மா உக்காந்தா பொண்டாட்டிகூட மதிக்க மாட்டேங்குறா." இவள் சரி என்றால் நாளையே ஸ்டியரிங்கைப் பிடிப்பார், வளைவில் திருப்பும்போது முழங்கை ஏமாற்றிவிட்டால், பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம்… "இன்னொரு தடவ பாத்துடலாம், முழு பலத்தோட பிடிங்க." அமுக்கினாள், அசையவில்லை, கட்டைவிரலின் அடியில் சதை தானாகத் துடித்தது, உயிரைக் கொடுத்து அமுக்கினாள், கடவுளே, இறங்கேன், இறங்கித் தொலையேன்… இறங்கியது. அப்பாடா, எனக்கு ஒன்றுமில்லை, இவருக்குத்தான் இன்னும் தேறவில்லை, அடுத்தவர் கை தோற்றதில் இப்படி ஒரு சந்தோஷமா, வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நிஜமாகத் தோற்கிற கை நடுங்கி நடுங்கி இறங்கும், இது அப்படி இறங்கவில்லை, தூங்குகிற குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி மெதுவாக இறங்கியது. நிமிர்ந்தாள். அவர் அவளுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுக்கொடுத்தீங்களா?"

அவர் கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருக்கிற மனைவிக்குக் கேட்காத குரலில் கேட்டார், "எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு?" புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது, எல்லாரும் கூரையைப் பார்த்து யோசிப்பார்கள், போன மாதமா, அதற்கு முன்னாலா என்று இழுப்பார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கிழமை, வேளை எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது… அப்படியானால் இத்தனை நாளும் தெரிந்தேதான்…