பாலத்தில் இருபது நிமிடம்

எழும்பூர் மியூசியம் வாசலில் காலை ஆறரை மணிக்கு வேன் வந்து நின்றதும் தலைகளை எண்ணினேன். பதினொன்று. பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஆட்கள் எட்டுப் பேர், பெசன்ட் நகரிலிருந்து ஒரு கணவன் மனைவி, பூனாவிலிருந்து தனியாக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர். அவர் கழுத்தில் பெரிய கேமரா தொங்கியது. என் கழுத்தில் ‘ரஞ்சித், வழிகாட்டி’ என்று எழுதிய அட்டை. பழவேற்காடு ஒருநாள் சுற்றுலா. டச்சுக்காரர்களின் கோட்டை இருந்த இடம், அவர்களுடைய கல்லறைத் தோட்டம், ஏரியில் படகுச் சவாரி, மத்தியானம் மீன் சாப்பாடு, ஆறு மணிக்குள் மறுபடி எழும்பூர். இரண்டு வருஷமாக இதையே காட்டி இதையே சொல்லிப் பிழைக்கிறேன். மைக் கைக்கு வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியாது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசும் இங்கிலீஷையும் தமிழையும் கேட்டு என்னை எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரன் என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கேட்டரிங் படிக்கப் போன முதல் நாள் எழுந்து நின்று, “சார், எனுக்கு ரோல் நம்பரே தர்ல” என்றேன். வகுப்பே சிரித்தது. ஒருத்தன் எழுந்து, கைலியை மடித்துக் கட்டும் சினிமா ரவுடி மாதிரி நடித்துக் காட்டினான். அன்றைக்கு மூடிய வாயை ஆறு மாதம் கழித்து வேறொரு தமிழோடுதான் திறந்தேன். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் மந்தைவெளி என்பேன். அங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது. அதனால் பொய்யும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

எண்ணூர்ப் பாலத்தில் இருபது நிமிடம் நிற்பது என்னுடைய யோசனை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கல்லறைகளைப் பார்த்து ஆட்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று முதலாளி ஜெரால்ட் சார் குறைப்பட்டபோது, வழியில் ஆற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள், அதைக் காட்டலாம் என்று நானேதான் வாயைக் கொடுத்தேன். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்படுகிற இறாலை எடுத்துப் பறி என்கிற சின்ன ஓலைக்கூடையில் போடுவார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் கூடையின் கயிற்றை வாயில் கடித்துக்கொள்வார்கள். ஜெரால்ட் சாருக்குக் கேட்டதும் பிடித்துவிட்டது. ‘வாழும் வரலாறு’ என்று நோட்டீஸில் அச்சடித்தார். என் அக்கா புஷ்பவல்லியும் இப்படி இறால் பிடிக்கிறவள்தான். ஆனால் அவள் இறங்குவது கடலும் ஆறும் சேரும் முகத்துவாரத்தில். பாலத்துப் பக்கம் வருகிறவர்கள் வேறு குப்பத்து ஆட்கள். அதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பாலத்தைச் சொன்னேன். நான்கு வாரம் ஒரு சிக்கலும் இல்லாமல் போயிற்று.

இது ஐந்தாவது சனிக்கிழமை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வினிதாவுக்குக் காது குத்து. குழந்தைக்கு ஐந்து வயது. தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பது நான் ஒருவன்தான். வியாழக்கிழமை அக்கா போன் செய்து அரைமணி நேரம் பேசினாள். மாமன் மடியில் உட்கார வைக்காமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார், வேலை கீலை என்று சாக்கு சொல்லாதே என்றாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு லேப்டாப்பில் சனிக்கிழமைப் பயணிகளின் பெயர்களை டைப் அடித்துக்கொண்டே உம் கொட்டினேன். கவுனும் கம்மலும் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன். அது உண்மைதான்.

எட்டு மணிக்குப் பாலத்தடியில் இறங்கினோம். நீர் வற்றியிருந்தது. நாலைந்து பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து துழாவிக்கொண்டிருந்தார்கள். நான் உப்பளங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சரிவில் எல்லோரையும் கரை ஓரம் வரை அழைத்துப்போனேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்த ஒருத்தி நிமிர்ந்து திரும்பினாள். அந்தச் சட்டை அக்கா புருஷன் ரகுபதி மாமாவுடையது. போன தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்தது.

வியாழக்கிழமை போனில் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது, இப்போதெல்லாம் பாலத்தாண்டதான் இறங்குகிறோம் என்று சொல்லியிருந்தாள். அதற்கும் நான் உம் கொட்டியிருந்தேன்.

அக்காவின் வாயில் கூடை இருந்ததால் உதடு சிரிக்கவில்லை, கண் சிரித்தது. இவன் எங்கே இங்கே என்று கேட்க, வாயிலிருந்து கயிற்றை எடுக்கக் கையைத் தூக்கினாள். அவள் எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “வணக்கம்மா. இவங்கல்லாம் வெளியூர்லேர்ந்து வந்திருக்காங்க. உங்க வேலையைப் பாக்கணும்னாங்க” என்றேன். மைக்கில் பேசுகிற அதே குரல்.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாகக் கயிற்றை எடுத்தாள்.

“வாங்க சார்” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்தில் நின்றவள் எங்கள் அடுத்த வீட்டு நர்மதா. அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். அக்கா தண்ணீருக்கடியில் அவளைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும், நர்மதா தடுமாறினாள், பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

பேராசிரியை நல்ல பெண்மணி. படம் எடுக்கலாமா என்று அவளிடம் என்னைக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அக்கா தலையாட்டினாள். முன்பு இருந்தமாதிரி கூடையை வாயில் வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும், சிரமம் என்றால் வேண்டாம் என்றார். சிரமமாக இருக்கும் என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்காவிடம் கேட்காமலேயே சொல்லியிருக்கலாம். நான் திரும்பி, “அம்மா, கூடையைத் திரும்ப வாயில கடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் பாக்கச் சொல்றாங்க” என்றேன்.

அவள் கடித்துக்கொண்டாள். வெயில் முகத்தில் விழவில்லை என்று பேராசிரியை சொன்னார். இன்னும் கொஞ்சம் இப்படி என்று நான் கையைக் காட்டினேன், அக்கா திரும்பினாள். எத்தனை படம் எடுத்தார் என்று தெரியவில்லை, எனக்கு அது முடியவே முடியாதுபோல் இருந்தது. பெங்களூர்க்காரர்களும் போனை எடுத்தார்கள்.

குடும்பத்தில் வேறு யாரும் இந்த வேலை செய்கிறார்களா, யாராவது இதைவிட்டு வெளியே போயிருக்கிறார்களா என்று பேராசிரியை விசாரித்தார். அதையும் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அக்கா கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயைப் புறங்கையால் துடைத்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“தம்பி ஒர்த்தன் கீறான் சார். டவுன்ல வேல. பட்ச்சவன், நல்லா கீறான். நாளிக்கு எங்கொயந்திக்கு காது குத்தறோம். அவன் மடிலதான் குந்த வெக்கணும். வர்றன்னு சொல்லிக்கீறான்.”

பெசன்ட் நகர் அம்மாள் கணவரிடம், சினிமாவில் வருகிற மாதிரியே பேசுகிறார்கள் என்று ரசித்துச் சொன்னார். நானும் சேர்ந்து புன்னகைத்தேன். பிறகு பேராசிரியைக்கு மொழிபெயர்த்தேன். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், நாளைக்கு ஒரு விசேஷத்துக்கு வருகிறான் என்று இங்கிலீஷில் இரண்டே வரி. ‘நல்லா கீறான்’ என்பதை விட்டுவிட்டேன். இருபது நிமிடம் முடிந்ததும் எல்லோரையும் வேனுக்கு அழைத்துப்போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மீஞ்சூரில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் வில்சன் என் பக்கத்தில் வந்து நின்றார். ராயபுரத்துக்காரர், ஐம்பது வயது. பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. டீயை ஊதிக்கொண்டே, “அந்தப் பொண்ணு மூஞ்சியும் உம் மூஞ்சியும் ஒரே ஜாடையா கீதுபா” என்றார். எந்தப் பொண்ணு என்று கேட்டேன். அவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றைக் காட்டி நான் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வேன். அன்றைக்கு மறந்துபோயிற்று. உள்ளே புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. கல்லில் எழுதியிருப்பதை வாசித்துப் பொருள் சொல்வது என் வேலை. இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய சகோதரி என்று எனக்கு மனப்பாடம். முந்நூறு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போன யாரோ ஒரு வியாபாரிக்கு யார் யார் உறவு என்று நான் தடங்கலில்லாமல் சொல்வதைக் கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். வெயில் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

பேராசிரியை நிழலில் என்னைக் கூப்பிட்டு கேமராவின் திரையில் அந்தப் படத்தைக் காட்டினார். நன்றாகத்தான் எடுத்திருந்தார். ஈரத்தில் முகம் பளபளத்தது, பல்லுக்கிடையில் கயிறு, கீழே கூடை. கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. நான் நின்றிருந்த இடம் அது. படத்தை அந்தப் பெண்ணிடம் சேர்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். அந்தத் தம்பி நாளைக்கு நிச்சயம் வருவானா, இப்படி வெளியே போகிறவர்கள் பல பேர் திரும்பி வருவதில்லையே என்று கவலைப்பட்டார். அவன் நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. சுற்றிலும் யாரும் இல்லை. அவர் என்னைக் குறைவாக நினைத்திருக்கவும் மாட்டார், ஒருவேளை கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். வருவான் மேடம் என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் எழும்பூரில் இறங்கும்போது எல்லோரும் பாலத்தைத்தான் புகழ்ந்தார்கள். அறைக்குப் போனதும் ஜெரால்ட் சார் போன் செய்தார். பெங்களூர்க்காரர்கள் ரொம்ப சந்தோஷம், அடுத்த வாரத்திலிருந்து பாலத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கிவிடு என்றார். சரி சார் என்றேன். போனை வைத்தபிறகு, ஏன் சரி என்றேன் என்று நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நெட்டுக்குப்பத்துக்குள் சீர்த்தட்டோடு நுழைந்தேன். நர்மதா ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள், ஒருத்தர் பாக்கியில்லாமல் என் முகத்தில் காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. ரகுபதி மாமா பந்தல் வாசலுக்கே வந்து தட்டை வாங்கிக்கொண்டார், பட்டணத்துச் சாப்பாட்டில் இளைத்துவிட்டாய் என்றார். நர்மதா மட்டும் என்னைப் பார்த்ததும் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, அவளையும் சொல்லவிடவில்லை. எனக்குக் காறித் துப்பியிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

அக்கா பட்டுச்சேலையில் இருந்தாள். வா, சாப்பிடு என்றாள். சாப்பிட்டேனா என்று யாரிடமோ கேட்டு விசாரித்துக்கொண்டாள். குறையென்று சொல்ல எதுவும் இல்லை. என் கண்ணைப் பார்த்து மட்டும் பேசவில்லை.

அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்திருந்தார்கள். ஆசாரி திருவொற்றியூரிலிருந்து வந்திருந்தார், அந்தக் கூட்டத்தில் என்னைத் தெரியாத ஒரே ஆள் அவர்தான். தங்கக் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு நிமிர்ந்து, “தாய்மாமன் யாருமா?” என்று கேட்டார்.

அக்கா வினிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இவன்தான் என்று கையைக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் காட்டவில்லை. குழந்தையின் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆசாரி மறுபடியும் கேட்டார். நேற்றிலிருந்து முதல்முறையாக அக்கா என்னை நேராகப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. நான் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தாள்.

“நான்தாங்க” என்றேன். அது போதாது என்று பட்டது. “இவ எங்க அக்கா. கூடப் பொறந்தவ.”

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் சிரித்தார். “அத்த நீ சொல்லித்தான் நாங்கோ தெரிஞ்சுக்கணுமா நைனா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான். அதை அங்கே சொல்ல எனக்கு ஒரு செலவும் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நேற்று சொல்லாமல், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இன்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. முகமெல்லாம் எரிந்தது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா குழந்தையை என் மடியில் உட்கார வைத்தாள். தலை அசையாமல் பிடிக்கச் சொன்னார் ஆசாரி. நான் இரண்டு பக்கமும் பிடித்தேன். பிடி போதாது என்று அக்காவும் எதிரில் மண்டியிட்டு, என் கைக்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். விடியற்காலையும் ஆற்றுக்குப் போய் வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது, அதற்கு மேல் இறால் முள் கிழித்த சின்னச் சின்னக் கீறல். இவ்வளவு பக்கத்தில் அதை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியவில்லை. அக்கா என்று கூப்பிட்டேன். அவள் குழந்தையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி ஏறியது. வினிதா ஊரே கேட்கும்படி அலறி, என் மடியில் காலை உதைத்துத் திமிறினாள். எனக்குக் கை தளர்ந்துவிட்டது. ஆசாரி ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“இன்னொரு காது கீது” என்றாள் அக்கா. “வுடாத, கெட்டியா புடி.”