ரெண்டு நூல் சிரிப்பு

கணக்கு டீச்சருக்கு முப்பது வருஷமாக ஒரே மனக்குறை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் முகம் உம்மென்று இருக்கும். யார் மேல கோபம் என்று கேட்காத ஆளில்லை. கடைசியில் துணிந்து, இரண்டு வாயோரத்தையும் லேசாகத் தூக்கிவிடச் சொல்லி ஆபரேஷன் செய்துகொண்டார். வலது ஓரம் சொன்ன பேச்சைக் கேட்டது. இடது ஓரம் இருக்கிறதே, அது பாட்டுக்கு மேலே ஏறிப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. ஆறு மாதம் போகாமல் திருத்த முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பள்ளிக்கூட இரங்கல் கூட்டத்தில் டீச்சர் சிரித்துக்கொண்டே நின்ற கதை தனி.

அதைக்கூடத் தள்ளிவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். இன்று ஐந்து மணிக்குள் விசாவுக்குப் படம் அனுப்பாவிட்டால் பேரப்பிள்ளையைப் போனில்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் சிரிக்கவே கூடாதாம்.

ஸ்டூடியோக்காரர் பதினோரு தடவை எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். பதினோரு தடவையும் ‘சிரிக்க வேண்டாம்’ என்று சிவப்பெழுத்தில் வந்தது.

“சோகமா எதையாவது நினைச்சுக்கங்கம்மா.”

“என் வகுப்பு ரிசல்ட்டை நினைச்சுட்டுத்தாம்ப்பா உட்கார்ந்திருக்கேன்.”

கூட வந்த புருஷன் கட்டட மேஸ்திரி. வேலையில்லாத நாளிலும் சட்டைப் பையில் மட்டம் பார்க்கிற குட்டி ரசமட்டம் இருக்கும். அதை எடுத்து மனைவியின் உதட்டில் வைத்தார். குமிழி இடப்பக்கம் ஓடியது.

“ரெண்டு நூல் தூக்கல், கால் அங்குலம். தலையை இடப்பக்கம் சாய்ச்சுக்க,” என்றார்.

சாய்த்தார். வாய் மட்டத்துக்கு வந்தது, கண் சரிந்தது. ‘தலை நேராக இருக்கட்டும்’ என்றது கம்ப்யூட்டர். ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சருக்கும் தொற்றிக்கொள்ள, மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து பார்த்தால் மணி நாலே முக்கால். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணீர் வழிகிற முகத்திலும் அந்தப் பாழாய்ப்போன வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரிக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. ஆபரேஷன் அன்னைக்கு டாக்டர் உன் முகத்துல பேனாவால கோடு போட்டாரு. நீ மாத்திரை போட்டுட்டு சாய்வு நாற்காலில அசந்து கிடந்த.”

“அதுக்கு?”

“நான் ரசமட்டத்தை வச்சுப் பாத்தேன். இடப்பக்கம் ரெண்டு நூல் இறக்கமா இருந்துச்சு. டாக்டர்கிட்ட சொன்னேன். அவரும் சரின்னு கோட்டை ஏத்திப் போட்டுட்டாரு.”

“அப்புறம்?”

“உன்னை உள்ள கொண்டு போனப்புறம்தான் பாத்தேன். தலையணை சரிஞ்சிருந்துச்சு.”

முப்பது வருஷ வகுப்பறையில் மிச்சம் பிடித்து வைத்திருந்த கோபமெல்லாம் ஒரே மூச்சில் டீச்சர் முகத்துக்கு ஏறியது. பல்லைக் கடித்தார். டாக்டரால் இறக்க முடியாத அந்த ஓரம் ஒரு நூல் இறங்கியது, இன்னொரு நூலும் இறங்கியது. உதடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல நேராக நின்றது.

“அப்படியே இருங்கம்மா,” என்று ஸ்டூடியோக்காரர் பாய்ந்து படமெடுத்தார். கம்ப்யூட்டரில் பச்சை விழுந்தது. ரசமட்டம் டீச்சரின் கைப்பைக்குள் போனது.

சாயங்காலம் படத்தைப் பார்த்துவிட்டு மகள் போன் செய்தாள்.

“ஏம்மா, அப்பா என்ன பண்ணித் தொலைச்சாரு?”

“நேர்ல வந்து சொல்றேன்டி,” என்றார் டீச்சர்.