ஒரு யன்னலில் மஞ்சள்

1985 மார்கழி. ஜேர்மனியில், டார்ம்ஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் இருந்தோம். எங்களில் மூத்தவரான மூர்த்தி அண்ணை ஊரில் கடைப் பலகைகள் எழுதியவர். விடுதிக்குப் பொறுப்பான ஹில்டா, யன்னலுக்கு வெளியே தெரியும் கிராமத்தை இரவுக் காட்சியாக வரைந்து தரும்படி அவரைக் கேட்டிருந்தாள். யேசு பிறந்த நத்தார் விழாவுக்கு அழகான இரவு வேண்டுமாம். அதற்கு ஆள் பிடித்தாளே!

அண்ணை வரையவில்லை, அடித்தார். வானத்தைக் கறுப்பால் குத்திக் குத்தி நிரப்பினார். வீடுகள் எல்லாம் இருந்தன. ஒரு யன்னலிலும் வெளிச்சம் இல்லை.

"ஏன் அண்ணை, சனம் இல்லையோ?" என்று எங்கள் அறைத் தவராசா கேட்டான்.

"எல்லாரும் உள்ளுக்கைதான் இருக்கினம்."

காரணம் எங்களுக்குத் தெரியும். போன வருடம் ஊரில் ஆமி றோந்து வந்த இரவில், பிள்ளைக்குப் பால் கரைக்க அவர் மனைவி ரஞ்சினி ஒரு நிமிடம் விளக்கை ஏற்றினாள். அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சுட்டார்கள். பிள்ளையும் தப்பவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. படத்தை வாங்க வந்த ஹில்டா, சோகமாக இருக்கிறது என்றாள். சிரித்துக்கொண்டே விரலால் மஞ்சள் வர்ணத்தைத் தொட்டுப் படத்தில் ஒரு யன்னலில் வைத்தாள்.

அண்ணை பாய்ந்து அவள் கையை முறுக்கித் தள்ளினார். வர்ணம் சுரண்டும் கத்தியால் அந்த யன்னலைக் குத்தினார். படத்தின் துணி கிழிந்த பிறகும் குத்தினார்.

"நூருங்கோ! லைட்டை நூருங்கோ! வாறாங்கள்!"

அறை இருண்டது. தவராசாவும் மற்றவனும் தரையில் குப்புறக் கிடந்தார்கள். லைட்டைப் போடச் சொல்லி ஹில்டா கத்தினாள்.

சுவிட்சின் மேல் இருந்தது என் கை. லைட்டைத் திரும்பப் போட எனக்கு ஏலவில்லை.