காயாத பச்சை

பெயிண்டரின் மகள் அந்தச் சவப்பெட்டியின் மூடியை விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள். கடைக்காரர் முகம் சுளித்தார்.

"தேக்குதாம்மா. உள்ள மெத்தை, பித்தளைக் கைப்பிடி."

"இதையே குடுங்க" என்றார் பெரியப்பா. அழுது அழுது கண் சிவந்திருந்தது. வெள்ளைச் சட்டையின் மடிப்பு மட்டும் கலையவில்லை. "நாலு பேர் பாப்பாங்க. என் தம்பியை அனாதை மாதிரி அனுப்ப முடியாது."

அவர் கையிலும் காசில்லை. அதனால்தான் காலையிலேயே பழைய சாமான் வியாபாரிக்குப் போன் போட்டு, அம்மாவின் தையல் மெஷினை விலை பேசி முடித்திருந்தார். சாயங்காலம் ஆள் வரும். அப்பா படுக்கையில் விழுந்த எட்டு மாதமாக அந்த மெஷின்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. பள்ளிச் சீருடைக்குப் பட்டன் தைப்பது மகளின் வேலை. நூல் பிசிறு வெட்டுவது அவள் தம்பி சின்னவனின் வேலை.

அம்மா வாய் திறக்கமாட்டாள். புருஷன் சாவிலும் காசு பார்த்தாள் என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் ஆறாது. பதினாறு வயதுப் பெண்ணை மிஞ்சிப்போனால் வாயாடி என்பார்கள். அந்தப் பட்டம் அவளுக்கு ஏற்கெனவே கிடைத்தாயிற்று.

"பெரியப்பா, இது வேணாம். அந்த மூலையில நிக்குதே, பலகைப் பெட்டி, அது போதும். அதுக்கு அம்மாகிட்ட இருக்கறதே போதும்."

"அதுக்கு வர்ணம்கூட அடிக்கலையேடி!"

"பெயிண்டர் வீட்டுல வர்ணத்துக்கா பஞ்சம்?"

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு வரவில்லை.

"நாலு பேர் பாக்கட்டும் பெரியப்பா. மெஷின் போயிடுச்சுன்னா, திங்கக்கிழமை அந்த நாலு பேரா வந்து சோறு போடுவாங்க?"

அவர் வெளியே போய் நின்றார். வேண்டாமென்று சொல்லவில்லையே, அதையே அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள் கிடந்தன. அப்பா வேலை செய்த இடங்களில் மிஞ்சியதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவர்கள் வீட்டு நாலு சுவரும் நாலு நிறத்தில் இருப்பது அதனால்தான். யார் வீட்டு இரும்புக் கதவுக்கோ வாங்கிய பச்சை எனாமல் மட்டும் பெட்டிக்குப் போதுமான அளவு இருந்தது.

அப்பாவின் கூட்டாளிகள் இருவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவளும் அப்பாவின் பிரஷை எடுத்துக்கொண்டாள்.

"ப்ரைமர் போடாம நேரா அடிக்கிறியா? உங்கப்பன் எந்திரிச்சு வந்து திட்டப்போறான்" என்றார் ஒருவர்.

"வந்து திட்டட்டும் மாமா. அதுக்குத்தானே அடிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. பிரஷ் தரையில் சொட்டியது. அம்மா உள்ளேயிருந்து வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"முதல்ல மூலையை அடிக்கணும். அப்புறம்தான் நடுவுல. அவரு சொல்லிக்கிட்டே இருப்பாரே" என்று சொல்லிவிட்டு, நான்கு மூலைகளையும் அவளே அடித்து முடித்தாள்.

எனாமல் காய ஒரு பகல் முழுக்க வேண்டும். அவர்களிடம் இருந்தது இரண்டு மணி நேரம். இத்தனை பெயிண்டர்கள் கூடியிருந்த வீட்டில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. தூக்குகிற நேரத்தில்தான் பார்த்தார்கள். என்ன செய்வது? பெரியப்பா முன்னால் போய், வலது பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது வியாபாரி தள்ளுவண்டியோடு வாசலில் காத்திருந்தார்.

"மெஷின் எங்கேங்க இருக்கு?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். மகள் பெரியப்பாவையே பார்த்தாள். இனி அவர் சொல்வதுதான்.

அவர் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். "அது விக்கிறதுக்கு இல்லப்பா. நான்தான் அவசரப்பட்டுட்டேன். உன்னை வீணா அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்க."

"பரவாயில்லைங்க." வண்டியைத் திருப்பப்போன வியாபாரி நின்றார். "சட்டையில பெயிண்ட் ஒட்டியிருக்குதுங்களே."

"தெரியும்."

உள்ளே வந்து சட்டையைக் கழற்றாமலே சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவன் அவர் தோளை விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். பச்சை இன்னும் காயவில்லை.