கராஜுக்கு ஐந்து காவல்

“ஏம்மா, மெதுவா! கம்பியோட வால் என் காதைக் குத்துது!”

ஏணியின் உச்சிப் படியில் நின்ற டார்லீன் காதிலேயே வாங்கவில்லை. நிமிர்த்திய கோட் ஹேங்கரைக் கராஜ் கதவின் மேல் இடுக்கில் நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, அறுபத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் புதுசு. கீழே காதைத் தடவியபடி ஏணியைப் பிடித்திருந்த வெர்ன் ஹால்வர்சன் தன் வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக நுழையப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான்.

மணி பதினொன்று பத்து. பன்னிரண்டு அடித்தால் கவுண்டி கண்காட்சியில் போட்டிக் கேக் வாங்கும் மேசையை மூடிவிடுவார்கள். வெர்னின் புளூபெரி சீஸ்கேக் கராஜ் ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. நான்கு வருஷமாக அவனுக்கு இரண்டாம் இடம். இந்த முறையும் முதல் பரிசான நீல ரிப்பன் கிடைக்காவிட்டால் இனி அடுப்புப் பக்கமே வருவதில்லை என்று மனைவி லொரெய்னிடம் சத்தியம் செய்திருந்தான்.

“மாட்டிடுச்சு! கயிறு மாட்டிடுச்சு!” என்று கத்தினாள் டார்லீன்.

இழுத்தாள். கதவு அசையவில்லை.

“அது வராது டார்லீன்” என்றேன். “கரண்ட் போனா கதவைக் கையால திறக்கிறதுக்கான அவசரக் கயிறு அது. திருடன் இப்படித்தான் கம்பி விட்டு இழுப்பான்னு அதை பிளாஸ்டிக் கட்டு போட்டு இறுக்கிட்டோம்.”

“யாரு சொல்லிக் கட்டினது?” என்று உறுமினான் வெர்ன்.

“நான்தான். பாரு, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!”

“யோவ் கென்னி, இப்ப பெருமை பேசுன, இந்த ஏணியாலயே அடிப்பேன்.”

ஊரில் பூட்டும் ஆணியும் விற்பவன் நான் ஒருவன்தான். ஏழு வாரமாக வெர்ன் என் கடைக்கு நடையாய் நடந்தான். புதன்தோறும் கண்காட்சிக்காக ஒரு ஒத்திகைக் கேக் சுடுவான். வியாழன் மதியம் அவனும் லொரெய்னும் பௌலிங் போய்த் திரும்பினால் கேக்கில் ஒரு துண்டு குறைந்திருக்கும். போலீஸில் போய்ச் சொன்னான். அங்கிருந்தவர், “சாட்சி யாரு, ஃபிரிட்ஜா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம்.

அதனால் என்னிடம் வந்தான். முதல் வாரம் கயிற்றுக்குக் கட்டு. அடுத்த வாரம் கதவின் இடது பக்கம் உள்தாழ்ப்பாள், அதற்கடுத்து வலது பக்கம். பிறகு கராஜின் பக்கக் கதவுக்குத் தானே பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் பூட்டு. கடைசியாக, வீட்டு ஜன்னல் அத்தனைக்கும் உடையாத பிளாஸ்டிக் படலம். ஒவ்வொரு காவல் ஏறியும் ஒவ்வொரு துண்டு போனது.

“அவன் மனுஷனா, பூச்சியா?” என்று என் கடையில் நின்று புலம்பினான் வெர்ன். “ஆனா ரசனைக்காரன்பா. ஆறாவது வாரம் ரெண்டு துண்டு எடுத்திருக்கான்! அந்த வாரந்தான் புளிப்புக் கிரீம் சேர்த்தேன். போட்டிக்கும் அதேதான்.”

இன்று காலை அந்தக் கேக்கைத் தட்டில் வைத்து, ஃபிரிட்ஜில் ஏற்றிவிட்டு, தபால் எடுக்கப் பக்கக் கதவால் வெளியே வந்திருக்கிறான். ஸ்பிரிங் பூட்டு ‘டக்’ என்றது. சாவி உள்ளே ஆணியில். லொரெய்ன் கண்காட்சியில் இருந்தாள். அவளிடம் இருந்தது ரிமோட் மட்டும். உள்ளே இரண்டு தாழ்ப்பாளும் விழுந்த கதவை ரிமோட் என்ன செய்யும்?

மணி பதினொன்று இருபத்தைந்து. வெர்ன் சுத்தியலால் சமையலறை ஜன்னலை ஓங்கி அடித்தான். கண்ணாடி நொறுங்கியது, ஆனால் படலத்தோடு ஒட்டியபடி அப்படியே நின்றது. சுத்தியல் துள்ளி வந்து பூந்தொட்டியை உடைத்தது.

“முன்வாசல்?” என்று கேட்டாள் டார்லீன்.

“அதுவா? பொண்ணு கல்யாணத்துக்குத் திறந்தது. சாவி எங்கன்னு கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் ஊரில் எல்லாரும் புழங்குவது கராஜ் வழியாகத்தான். முன்வாசல், பாதிரியாருக்கும் ஓட்டுக் கேட்க வருபவர்களுக்கும். வெர்ன் வீட்டு முன்வாசலை லைலக் புதர் பாதி மூடியிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு மாட்டிய மாலை இன்னும் கதவில் தொங்கியது.

பதினொன்று முப்பத்தைந்து. வெர்ன் கராஜ் முன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“போதும்பா கென்னி. லொரெய்ன்கிட்ட சொல்லிடு. அடுப்பை யாருக்காவது கொடுத்துடலாம்.”

முப்பது வருஷச் சிநேகிதன். கண்ணில் தண்ணீர். அவன் பக்கத்தில் குந்தித் தோளைத் தட்டினேன். நான் எழுந்தேன்.

“எங்கய்யா போற?”

நேராக முன்வாசலுக்கு நடந்தேன். லைலக் கிளையை விலக்கினேன். மிதியடியில் காலைத் துடைத்தேன். கைப்பிடியைத் திருகினேன். முன்கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. கூடம், சமையலறை, கராஜ். இரண்டு தாழ்ப்பாளையும் இழுத்து, பொத்தானை அழுத்தினேன். ஐந்து காவலும் தோற்றுப்போக, பெரிய கதவு மெல்ல மேலே ஏறியது. வெளியே இரண்டு பேர் வாயைப் பிளந்து நின்றார்கள்.

வெர்ன் முதலில் ஃபிரிட்ஜைத் திறந்தான். கேக் முழுசாக இருந்தது. பிறகுதான் என்னைப் பார்த்தான்.

“அந்தக் கதவு பூட்டலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“சாவி தொலைஞ்ச கதவை எப்படிப் பூட்டியிருப்ப?”

“அதைக் கேக்கலை. அது கிறீச்சுன்னுகூடச் சத்தம் போடலை. கீலுக்கு எண்ணெய் யார் போட்டா?”

டார்லீன் ஒவ்வொரு அடியாகக் கிட்ட வந்தாள். ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிட அவளுக்கு மனசில்லை.

“நான்தான்” என்றேன். “ஏழு வியாழனும் நான்தான். டாக்டர் சர்க்கரையைத் தொடக்கூடாதுன்னுட்டார். வீட்ல பொண்டாட்டி ஜாய்ஸ் பிஸ்கட்டைக்கூட எண்ணி வைக்கிறா.”

“எனக்குப் பூட்டு வித்தவனே நீதானய்யா!”

“கராஜுக்குத்தானே வித்தேன்.”

அவன் சுத்தியலைப் பார்த்தான். கேக்கைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான்.

“வண்டியை எடு, திருட்டுப் பயலே. உன்னை அப்புறம் கொல்றேன்.”

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கேக் மேசை ஏறியது. மாலையில் வெர்ன் நீல ரிப்பனைச் சட்டையில் குத்திக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தான்.

“எல்லாம் நீ எடுத்த ரெண்டு துண்டாலதான்யா! அதை வச்சுத்தான் புளிப்புக் கிரீம்தான்னு முடிவு பண்ணினேன்!”

தலையாட்டினேன். ஆறாவது வாரம் எடுத்த முதல் துண்டு கை தவறித் தரையில் குப்புற விழுந்துவிட்டது என்பதை அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.