பானெட்டில் சேறு

பல் டாக்டருக்கு ஊரில் உள்ள எல்லார் வாயையும் திறக்கச் சொல்லும் தைரியம் உண்டு. மாமியார் முன்னால் மட்டும் அவர் வாயே திறக்காது. அந்த அம்மாள் இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். மருமகன் காரை நிறுத்தும் கோணத்திலிருந்து ஜன்னலில் திரை தொங்கும் உயரம் வரை எல்லாவற்றிலும் ஒரு நொட்டை சொல்வார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து 'நல்லாருக்கு' வந்ததில்லை. அதை எப்படியாவது வாங்கிவிடுவது என்று, அவர் ஓட்டிய அதே ரக லாரியை ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் பொம்மையாக ஒட்டி, இரண்டு மாதமாக ராப்பகலாக மெனக்கெட்டுக்கொண்டிருந்தார் டாக்டர்.

மாமியாரும் மாமனாரும் மத்தியானம் வருவதாக இருந்தது. காலையில் கடைசிப் பச்சைப் பூச்சை முடித்தவர், காய்ந்துவிட்டதா என்று பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். காயவில்லை. கட்டைவிரல் ரேகை, பத்திரத்தில் வைத்த மாதிரி அச்சாகப் பதிந்துவிட்டது.

சும்மா விட்டிருந்தால், காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்திருக்கலாம். பொறுமைக்கு எங்கே போவது? பஞ்சைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். ரேகையோடு பச்சையும் போய், அடியிலிருந்த சாம்பல் பிளாஸ்டிக் பல்லை இளித்தது. அதன்மேல் அடித்த புதுப் பச்சையோ, பழைய பச்சையோடு சேரவே மாட்டேன் என்றது. மனைவி எட்டிப் பார்த்து, வண்டிக்குத் தேமல் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகுதான் சேறு என்ற யோசனை வந்தது. பல் அச்செடுக்கும் மாவில் பழுப்பு வண்ணத்தைக் குழைத்துப் பானெட்டில் அப்பினார். அங்கே மட்டும் இருந்தால் சந்தேகம் வருமே என்று சக்கரங்களுக்குக் கொஞ்சம், கதவுகளுக்குக் கொஞ்சம். ஒரு மணி நேரத்தில் லாரி, குட்டையிலிருந்து எழுந்துவந்த எருமை மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் அழைப்பு மணி அடித்தது.

மாமனார் அந்தக் காலத்தில் மாமியார் இருந்த அதே ராணுவ முகாமில் வண்டிகளைச் சோதனை போட்ட அதிகாரி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லாரியை நாலு பக்கமும் பார்த்தார். சேறு அசல் சேறாகவே இருக்கிறது, தன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சொல்லி, டாக்டரின் முதுகில் தட்டிவிட்டுக் கை கழுவப் போனார். டாக்டருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

மாமியார் நகரவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்பிள்ளை, சக்கரம் அடிக்கிற சேறு பக்கவாட்டுல தெறிக்கும், அடியில அப்பும். பானெட்டுக்கு நடுவுல இவ்வளவு கெட்டியா வராது. அங்க யாராவது கையால வச்சாதான் உண்டு. எதை மறைச்சீங்க?"

டாக்டர் விரல் ரேகையிலிருந்து தேமல் வரை ஒன்று விடாமல் ஒப்பித்தார். திட்டு விழப்போகிறது என்று தலை குனிந்து நின்றவருக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் சிரித்து அவர் கேட்டதே இல்லை. முதலில் இருமல் என்றே நினைத்தார்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தத்தைக் கவனித்துக்கொண்டே மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ஒரு தடவை இப்படிச் சேறு வச்சிருக்கேன். ரிவர்ஸ் எடுக்கிறப்ப முகாம் கேட்டுல இடிச்சுட்டேன், பின்னாடி இடது மூலை நசுங்கிடுச்சு. மறுநாள் சோதனை. ரெண்டு வாளி சேத்தை அள்ளி அப்பினேன். சோதனைக்கு வந்தது உங்க மாமாதான். எப்பேர்ப்பட்ட ரோட்டுல அசராம ஓட்டிட்டு வந்திருக்காங்கன்னு எல்லார் முன்னாடியும் பாராட்டினாரு. அடுத்த மாசமே பொண்ணு கேட்டு வந்துட்டாரு. இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது."

டாக்டருக்கு மாமியாரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிடித்துப்போயிற்று. உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. மாமியார் சட்டென்று லாரியைத் திருப்பி, பின்பக்க இடது மூலையை டாக்டர் பக்கம் காட்டினார்.

"இங்கயும் கொஞ்சம் அப்புங்க. சீக்கிரம், அவர் வந்துடுவாரு."