வாய்க்கால் வாய் நண்டு

கரைக்கு வரும் நண்டுப் பெட்டிகளில் சிமியோனின் கை முதலில் போவது ஜெயனியின் பெட்டிக்குத்தான். கொம்பனிக்கு நண்டு வாங்குகிறவன் அவன். ஒவ்வொன்றாகத் தூக்கி, வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இதல்லோ நண்டு!" என்பான். பக்கத்தில் நிற்கும் ஸ்ரெல்லாவுக்கு அடிவயிறு பற்றியெரியும். ஒரே குருநகர்க் கரை, ஒரே கடல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். ஜெயனியுடைய நண்டு மட்டும் கொழுத்துக் கிடக்க, தன்னுடையது காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரிச் சோர்ந்து கிடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? போதாக்குறைக்கு அந்த மகராசி மதிலுக்கு மேலால் நண்டுக்கறி வேறு தருவாள். ஸ்ரெல்லா கரித்துக்கொட்டிக்கொண்டே சட்டியை வழித்துத் தின்பாள்.

நேற்றும் தின்றாள். தின்றுவிட்டுப் புருசனைப் பிடித்தாள்.

"ஜெயனியின்ரை மனிசனுக்கு மட்டும் உந்த நண்டு எங்கை பிடிபடுது? நீங்கள் என்ன, கடலிலை நித்திரையோ?"

அடைக்கலநாதன் தலையைச் சொறிந்தான். "அவன் வெள்ள வாய்க்கால் கடலிலை விழுற இடத்திலை வலை போடுறான். நான் அங்கை போகமாட்டன். போன மாரிக்குக் கக்கூஸ் குழி நிரம்பேக்கை, குழாயை வாய்க்காலுக்கு விட்டது நான்தானே."

ஸ்ரெல்லாவுக்குக் குமட்டியது உண்மைதான். ஆனால் எரிச்சல் அதை முந்திக்கொண்டது. தன் வீட்டுக் கழிவில் கொழுத்த நண்டு, அடுத்தவள் பெட்டியில்!

இன்று காலை சிமியோன் வழக்கம்போல ஜெயனியின் நண்டைத் தூக்கி மெச்சியதும் ஸ்ரெல்லாவின் வாய் நிற்கவில்லை.

"என்ன அவளின்ரை நண்டு? எங்கடை கக்கூஸ் தண்ணியிலை கொழுத்த நண்டு! வாய்க்கால் வாயிலை போய்ப் பாருங்கோ!"

சிமியோன் நண்டைக் கீழே வைத்தான். கையை மோந்து பார்த்து இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

"தண்ணி சோதிக்கவேணும் எண்டு கொம்பனியிலை போன மாசமே சொன்னவை. நான்தான் உங்களுக்காகக் கதைச்சுத் தடுத்தனான். இனி இந்தக் கரையிலை ஒருத்தற்றை நண்டும் வேண்டாம்."

"அண்ணை, எங்கடை வெளிக்கடல் நண்டு..." ஸ்ரெல்லா தன் பெட்டியை முன்னால் தள்ளினாள். அவன் திரும்பிப் பார்க்காமல் லொறியில் ஏறினான்.

ஜெயனி சண்டைக்கு வரவில்லை. "எங்கடை குழாயும் அந்த வாய்க்காலுக்குத்தான் போகுது, அக்கா. இந்த ஒழுங்கையிலை ஆரின்ரை குழாய் அங்கை போகேல்லை? அந்த நண்டைத்தானே நாங்களும் தின்னுறம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்."

நாளைக்கு அடுப்பு எப்படி எரியும் என்ற பயம் ஸ்ரெல்லாவைப் பிடித்தது. ஆனால் அதற்கும் முன்னால் வேறொன்று சுருக்கென்று தைத்தது. அந்த நண்டு கொழுத்ததில்கூட ஜெயனிக்குப் பங்கு இருக்கிறதாம்.